பேஸ் கிட்டார் கீ எந்தப் பக்கம் திரும்பும்? தண்ணீர்க் குழாய்க்கு நேர்மாறான ஒரு கணக்கு!

தண்ணீர்க் குழாயை மூட எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? யாரும் யோசிப்பதில்லை. கை தானாக வலப்பக்கம் போகும். ஊறுகாய் பாட்டில் மூடி, பேனா மூடி, ஸ்குரூ என எல்லாவற்றுக்கும் அதே பழக்கம்தான். வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடப்பக்கம் திருப்பினால் தளரும்.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் முதன்முதலாக பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சுருதி சேர்க்க உட்கார்ந்தால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கம்பியை இறுக்குவதாக நினைத்து வலப்பக்கம் திருப்புகிறார். சுருதியோ கீழே இறங்குகிறது. 'அப்படியானால் இடப்பக்கம்தான் போலிருக்கிறது' என்று மனதில் பதித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் நண்பர் வீட்டில் இருக்கும் பழைய பாணி பேஸ் கிட்டாரை எடுத்துத் திருப்பினால், அது நேர்மாறாக வேலை செய்கிறது!

இது யாரோ தொழிற்சாலையில் தூக்கக் கலக்கத்தில் செய்த தவறா? இல்லை. ஒரு கீ எந்தப் பக்கம் திரும்பினால் கம்பி இறுகும் என்பதை மூன்றே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அந்த மூன்றும் புரிந்துவிட்டால், எந்த பேஸ் கிட்டாரைக் கையில் கொடுத்தாலும் பயமில்லாமல் சுருதி சேர்க்கலாம்.

தவறான பக்கம் திருப்பினால் என்ன ஆகிவிடும்?

கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். பேஸ் கிட்டாரில் நஷ்டம் உண்டு.

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடிமனான கம்பி 'இ'. அது நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அடுத்தடுத்த கம்பிகளான 'ஏ' 55 முறை, 'டி' சுமார் 73 முறை, 'ஜி' 98 முறை. சாதாரண அளவுள்ள பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். இத்தனை நீளமான தடித்த உலோகக் கம்பியைச் சரியான சுருதியில் நிறுத்த, ஒவ்வொரு கம்பியையும் ஏறக்குறைய 16 முதல் 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். நான்கு கம்பியும் சேர்ந்தால், வளர்ந்த ஒரு மனிதரின் எடை அந்தக் கழுத்துப் பகுதியில் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதாக அர்த்தம்.

சுருதி ஏற ஏற இந்த விசை இன்னும் வேகமாக ஏறும். அரை சுரம் ஏற்றினாலே இழுவிசை சுமார் 12 சதவிகிதம் கூடுகிறது. ஐந்து அரை சுரம் தவறாக ஏற்றிவிட்டால், அதாவது 'இ' கம்பியை 'ஏ' வரை கொண்டுபோய்விட்டால், 18 கிலோ இழுவிசை 32 கிலோவாகிவிடும். ஒரு ஸ்தாயி முழுக்க ஏற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு விசை வேண்டும். அதற்கு முன்பே கம்பி அறுந்துவிடும், அல்லது கழுத்து வளையத் தொடங்கும்.

அறுந்த கம்பி முகத்தில் அடித்தால் காயம். ஒரு செட் பேஸ் கம்பியின் விலையோ எளிதாக ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆறு கம்பி கிட்டாரில் ஒரு கம்பி போனால் மீதியை வைத்துச் சமாளிக்கலாம். பேஸில் இருப்பதே நான்கு. கோயில் திருவிழா மேடையிலோ சர்ச் பாடகர் குழுவிலோ நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்பு ஒன்று அறுந்தால், அன்றைய வாசிப்பே ஆட்டம் கண்டுவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. 'திருப்பத் திருப்பச் சுருதி சேரவே மாட்டேங்குது, எனக்குக் காது சரியில்லை போல' என்று முடிவுகட்டி, வாத்தியத்தையே உறைக்குள் போட்டு மூடிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல சமயம் அவர்களின் காதில் எந்தக் குறையும் இல்லை. கீ திரும்பும் திசைதான் அவர்களுக்குப் புரியவில்லை.

பிரடைக்கும் கீக்கும் என்ன வித்தியாசம்?

வீணையில் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரடையை உள்ளே அழுத்தியபடி மெல்லத் திருப்புவார்கள். கூம்பு வடிவ மரத்துண்டு, துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டும்தான். வயலினிலும் அதே முறைதான். அங்கே திசைக் குழப்பம் குறைவு. கம்பியைப் பிரடையில் எந்தப் பக்கமாகச் சுற்றினோமோ, அதே பக்கமாகத் திருப்பினால் இறுகும். கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேஸ் கம்பியின் இழுப்புக்கு உராய்வை மட்டும் நம்பினால் விரல்கள் ஓய்ந்துவிடும். அதனால்தான் பெரிய வாத்தியமான டபுள் பேஸுக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவில் பல்சக்கரம் வைத்த கீ வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் ஸ்டாஃபர் போன்ற கிட்டார் தச்சர்கள் அதே வழியைக் கிட்டாரிலும் பின்பற்றினார்கள். ஸ்டாஃபரின் பட்டறையில் வேலை பார்த்த சி.எஃப். மார்ட்டின், 1833-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கே கிட்டார் செய்யத் தொடங்கினார்.

இந்தப் பல்சக்கர அமைப்புக்கு 'வார்ம் கியர்' என்று பெயர். பேஸ் கிட்டாரின் தலைப்பகுதியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால், பெரும்பாலான வாத்தியங்களில் அது வெளியிலேயே தெரியும். நாம் கையால் பிடிக்கும் கீயின் தண்டில் ஸ்குரூ போலச் சுற்றிச் சுற்றி மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வட்டப் பல்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்பக்கமாக எழும் தண்டில்தான் கம்பி சுற்றப்படுகிறது.

பேஸில் இதன் விகிதம் பொதுவாக 20-க்கு 1 என்ற அளவில் இருக்கும். கீயை 20 முறை சுற்றினால்தான் கம்பி சுற்றும் தண்டு ஒருமுறை சுற்றும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு என்று வைத்துக்கொண்டால், கீயை ஒரு முழுச் சுற்று திருப்பும்போது கம்பி வெறும் 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். அத்தனை நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. கீ பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரத்தால் கீயைச் சுழற்ற முடியாது. கம்பி எத்தனை கிலோ விசையோடு இழுத்தாலும் உராய்வு அதைப் பூட்டி வைத்துவிடும். இரவில் சேர்த்த சுருதி பெரும்பாலும் காலையிலும் நிற்பதற்கு இதுதான் காரணம்.

திசையைத் தீர்மானிக்கும் மூன்று

முதலாவது, மரை. நாம் அன்றாடம் பார்க்கும் ஸ்குரூக்கள் எல்லாம் வலது மரை. நேர்மாறாக வெட்டப்படுவது இடது மரை. டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்றியவர்களுக்கு இது தெரியும். பல ஃபேன்களில் அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கீயிலும் எந்த மரை என்பது மாறினால், இறுகும் திசை மாறிவிடும்.

இரண்டாவது, மரைத்தண்டு இருக்கும் இடம். அது பல்சக்கரத்துக்குக் கீழே, அதாவது வாத்தியத்தின் உடல் பக்கம் இருக்கலாம். அல்லது மேலே, தலையின் நுனிப் பக்கம் இருக்கலாம். ஒரு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விளிம்பை வலப்பக்கம் தள்ளினால் சக்கரம் ஒரு திசையில் சுழலும். அதே போல வலப்பக்கமாக, ஆனால் கீழ் விளிம்பைத் தள்ளினால் எதிர்த்திசையில் சுழலும். மரைத்தண்டின் இடமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது, கம்பி தண்டின் எந்தப் பக்கமாகச் சுற்றப்படுகிறது என்பது. தலைப்பகுதியின் உள்பக்கமாக வந்து சுற்றுவதுதான் வழக்கம். அப்போதுதான் கம்பி அதிகம் வளையாமல் நேராகச் செல்லும். வெளிப்பக்கமாகச் சுற்றினால் திசை தலைகீழாகும்.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மாற்றினால் இறுகும் திசை மாறும். இரண்டை மாற்றினால் பழைய திசையே திரும்பி வரும். மூன்றையும் மாற்றினால் மறுபடியும் எதிர்த்திசை. மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

இன்றைய வழக்கம் எப்படி வந்தது?

இன்று பரவலாகக் கிடைக்கும் கிட்டார்களிலும் பேஸ்களிலும் ஒரே கூட்டணிதான்: வலது மரை, உடல் பக்கம் மரைத்தண்டு, உள்பக்கம் சுற்றிய கம்பி. மூன்றுக்கும் தனித்தனியாக நல்ல காரணங்கள் உண்டு.

வலது மரை தொழிற்சாலைகளின் பொது வழக்கம். கம்பியை உள்பக்கம் சுற்றினால் அது நேராக நிற்கிறது. மரைத்தண்டு உடல் பக்கம் இருப்பதுதான் இவற்றில் சுவாரஸ்யமானது. கம்பி எப்போதும் தண்டை உடல் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. மரைத்தண்டும் அதே பக்கத்தில் இருந்தால், அந்த இழுவிசையே பல்சக்கரத்தை மரையோடு சேர்த்து அழுத்திவிடும். மேல்பக்கம் இருந்தால், அதே இழுவிசை இரண்டையும் விலக்கப் பார்க்கும். பழைய காலக் கிட்டார்கள் சிலவற்றில் மேல்பக்கம் வைத்த கீக்களை இன்றும் பார்க்கலாம்.

இந்த மூன்றையும் சேர்த்தால் கிடைக்கும் பலன்: கீயின் முனையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கம்பி இறுகும். குழாய்க்கு நேர்மாறு! 'வாசிப்பவர் இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும்' என்ற விதியிலிருந்து இந்த அமைப்பு பிறக்க வேண்டிய அவசியமே இல்லை. வேறு மூன்று நியாயமான முடிவுகளைச் சேர்த்தாலே இந்தத் திசை தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

பழைய ஃபெண்டர் ஏன் எதிர்ப்பக்கம்?

மின்சார பேஸ் கிட்டாரை உலகெங்கும் கொண்டுபோனது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. கழுத்தில் ஃப்ரெட் பதித்திருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாகப் பேசியது. பெயரிலேயே 'பிரிசிஷன்' வந்ததும் அதனால்தான்.

அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸ்களில், அகன்ற இலை போன்ற பெரிய கீக்கள் இருந்தன. அவை இன்றைய வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்பவை. வலப்பக்கம் திருப்பினால் கம்பி இறுகும். அந்தப் பழைய வாத்தியங்களை அச்சு அசலாக மறுபடி தயாரிக்கும்போது, ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கீக்களையும் அப்படியே வைக்கிறது. தயாரிப்பு விவரத்தில் அவற்றுக்கு 'ரிவர்ஸ்' என்றே பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழாய்க்கும் பாட்டில் மூடிக்கும் பழகிய நம் கைக்கு, 'ரிவர்ஸ்' என்று பெயர் வாங்கிய அந்தப் பழைய கீதான் இயல்பானது. 'நார்மல்' என்று பெயர் வாங்கியதுதான் நம் பழக்கத்துக்கு எதிரானது!

மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். அறுந்தால் தவிர கம்பியை மாற்றவே மாட்டார் என்பது அவரைப் பற்றி இசைக் கலைஞர்கள் வியந்து பேசும் செய்தி. அப்படிப்பட்டவர்களின் கைகளுக்கு அந்தத் திசைதான் பழக்கம்.

இரண்டு பக்கமும் கீ இருந்தால்?

எல்லா பேஸிலும் கீக்கள் ஒரே வரிசையில் இருப்பதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸில், பக்கத்துக்கு இரண்டாகக் கீக்கள் இருக்கும். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸில் மேலே மூன்று, கீழே ஒன்று.

இவற்றை வாசிப்பவர்களுக்கு, கீழ்ப்பக்கக் கீ மட்டும் எதிராகத் திரும்புவது போலத் தோன்றும். உண்மையில் அது நாம் பார்க்கும் கோணத்தின் விளையாட்டு. கீழ்ப்பக்கத்தில் கம்பி தண்டின் மறுபக்கமாகச் சுற்றுகிறது. கீயும் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அதனால் கீயின் முனையைப் பார்த்தபடி திருப்பினால், மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே திசைதான். மேலிருந்து குனிந்து பார்த்தால் மட்டுமே மாறித் தெரியும். கண்ணாடிக் கதவில் உள்ளிருந்து எழுதியதை வெளியிலிருந்து படிப்பது போல!

கீ மாற்ற நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மேல்பக்கத்துக்கான கீயும் கீழ்ப்பக்கத்துக்கான கீயும் ஒன்றல்ல. ஒன்றின் கண்ணாடிப் பிம்பம்தான் மற்றொன்று. பக்கம் மாற்றிப் பொருத்தினால் மரைத்தண்டு மேல்பக்கம் போய்விடும். திசையும் தலைகீழாகும். இடக்கை பேஸுக்குக் கீ வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

தலையே இல்லாத பேஸும் உண்டு. நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்த அந்த வகையில், சுருதிக் குமிழ்கள் உடலின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டன. அங்கே பல்சக்கரமே கிடையாது. குமிழைத் திருகினால் கம்பி நேரடியாகப் பின்னால் இழுபடும். ஸ்குரூ முடுக்குவது போலத்தான்.

சுருதி சேர்க்க உட்காரும் முன்...

புதிதாக ஒரு பேஸ் கையில் வந்தால், சில பழக்கங்கள் போதும்.

● முதலில் கம்பியை மீட்டி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கீயைக் கால் சுற்று மட்டும் இடப்பக்கம் திருப்பிக் கேளுங்கள். சுருதி ஏறினால் வழக்கமான கீ. இறங்கினால் ரிவர்ஸ். சந்தேகம் இருக்கும்போது முதலில் தளர்த்துவதே பாதுகாப்பு. தளர்ந்த கம்பி அறுவதில்லை.

● எந்தக் கம்பியின் கீயைத் திருப்புகிறோம் என்பதை, கம்பியை விரலால் தடவிக்கொண்டே போய் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கம்பியை மீட்டிவிட்டு வேறொன்றின் கீயைத் திருப்புவதால் அறுபடும் கம்பிகள் நிறைய.

● மொபைல் டியூனர் ஆப் பயன்படுத்தினால், அது காட்டும் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். போனின் மைக்குக்குப் பேஸின் ஆழ்ந்த ஒலி சரியாகக் கேட்காமல் போகலாம். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால், ஒரு ஸ்தாயி மேலே தெளிவான ஒலி கிடைக்கும். ஆப்பும் உடனே பிடித்துக்கொள்ளும்.

● சுருதி தாண்டிவிட்டால், அப்படியே இறக்கி நிறுத்தாதீர்கள். தேவையான சுரத்துக்குக் கீழே நன்றாக இறக்கி, மறுபடி மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். பல்சக்கரத்துக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளி அப்போதுதான் அடைபடும். இறக்கிய நிலையில் விட்டால், இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி நழுவிவிடும்.

● கம்பி மாற்றும்போது உள்பக்கமாக, இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிச் சுற்றுங்கள். ஒரே ஒரு கீ மட்டும் எதிராகத் திரும்பினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கீயை அல்ல. அந்தக் கம்பி வெளிப்பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

● இறுக்கும்போது முகத்தைக் கம்பிக்கு நேரே கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

கேட்காதது போலக் கேட்கும் வாத்தியம்

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாருக்குத் தனி மரியாதை உண்டு. இளையராஜாவின் பாடல்களில் அது பின்னணியில் ஒதுங்கி நிற்காமல், மெட்டோடு பேசிக்கொண்டே வரும். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸைத் தேடித் தேடிக் கேட்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடல்களைக் கேட்டுவிட்டு, 'எனக்கும் ஒரு பேஸ் வேண்டும்' என்று வீட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு.

அப்படி வாங்கிய வாத்தியத்தில் முதல் நாள் சுருதி சேரவில்லை என்றால், பாட்டு வாத்தியாரைத் தேடுவதற்கு முன்பு வாத்தியத்தைத் திருப்பி அதன் பின்னந்தலையை ஒருமுறை பாருங்கள். மரைத்தண்டு எங்கே இருக்கிறது, கம்பி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது, கால் சுற்று திருப்பினால் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா? இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அதன்பின் கற்றுக்கொள்ள வேண்டியது இசை மட்டும்தான்.